மழை ஊரில் நெருப்புப் பயம்

நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மண் இது. துவைத்த துணி காயவில்லையே என்று வானத்தைப் பார்த்துச் சலித்துக் கொள்ளும் தாய்மார்களே நம் தோட்டங்களில் அதிகம். அப்படியிருக்க, வீட்டு வாசலையும் கொல்லையையும் நெருப்புக்குப் பயந்து பராமரிக்க வேண்டும் என்று ஒருவர் எழுத வந்தால், "இந்த டீச்சருக்கு வேறு வேலையில்லை போலும்" என்றுதான் சிலருக்குத் தோன்றும்.

ஆயினும் சற்றே நினைத்துப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் புகைமூட்டம் காரணமாக அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூன் மாதம் மூவாரிலும் லேடாங்கிலும் அதே கதை. 2019 செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்களை மூட வேண்டியதாயிற்று. இந்தப் புகையில் பெரும்பங்கு சுமத்ராவிலிருந்தும் களிமந்தானிலிருந்தும் காற்றோடு வந்தது என்பது உண்மையே. ஆனால் எல்லாப் பழியையும் கடலுக்கு அப்பால் தள்ளிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. சிலாங்கூரில் ராஜா மூசா காட்டிலும், கிள்ளானுக்கு அருகே ஜோஹான் செத்தியாவிலும், சரவாக்கில் மிரிக்கு அருகே கோல பாராமிலும் நம் நாட்டு மண்ணே எரிந்திருக்கிறது.

மண் எரியுமா என்று கேட்பீர்கள். எரியும்.

மலாயில் 'தானா கம்புட்' என்று சொல்லப்படும் கருநிற மண்ணைப் பலர் பார்த்திருப்பீர்கள். காலை வைத்தால் மெத்தை போல அமுங்கும். அது உண்மையில் மண்ணே அன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பு நீரில் விழுந்து, முழுவதும் மக்காமல் படிந்து கிடக்கும் இலை, வேர், மரத்தின் குவியல். நீருக்குள் கிடக்கும் வரையில் அதனால் ஆபத்தில்லை. செம்பனை நடுவதற்காகவோ வீடு கட்டுவதற்காகவோ கால்வாய் வெட்டி நீரை வடித்து விட்டால் மேலடுக்கு காய்ந்து, விறகாகிவிடும். அதில் நெருப்புப் பிடித்தால் மேலே கொழுந்து விட்டு எரியாது. உள்ளுக்குள் கனன்று கொண்டே நகரும். மேலே நீரை ஊற்றி அணைத்துவிட்டோம் என்று நாம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கி எழும்போது, பத்தடிக்கு அப்பால் புகை கிளம்பும். வாரக்கணக்கில் இப்படி நடக்கும். தீயணைப்பு வீரர்கள் கால்வாயை அடைத்து, நிலத்தையே நீரில் மூழ்கடித்துத்தான் அதை அடக்க வேண்டியிருக்கிறது. மேலே சாம்பல் மூடி, கீழே வெந்து குழியாகிப் போன இடத்தில் தெரியாமல் கால் வைத்தவர் கதி என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பந்து பொறுக்க ஓடும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கம்புட் மண் இல்லாத தோட்டத்தார் நிம்மதியாக இருக்கலாம் என்பதும் சரியன்று. அவர்களுக்கு லாலாங் இருக்கிறது. மழை அதிகமுள்ள ஊரில் புல்லும் புதரும் வெறிபிடித்தாற் போல வளர்கின்றன. பிறகு இரண்டு மூன்று வாரம் மழை பொய்த்தால் அத்தனையும் சருகு. மழை குறைந்த நாடுகளில் எரிவதற்கு இவ்வளவு பொருள் வாசலிலேயே கிடக்காது. வடக்கே கெடா, பெர்லிஸ் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி அதிகம். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலும் மழை குறையும். 2014-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிலாங்கூரில் குழாய் நீரைப் பங்கிட்டுத் தந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குடிக்கவே நீரில்லாத போது நெருப்பை அணைக்க எங்கே போவது?

லாலாங்கைப் பற்றி இன்னொன்று. "எரித்துவிட்டால் சனியன் ஒழிந்தது" என்று நினைப்பவர்கள் உண்டு. ஒழியாது. அதன் கிழங்குத்தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே எரிந்ததும் போட்டிக்கு நின்ற மற்றச் செடிகள் செத்துவிட, லாலாங் மட்டும் முன்னைவிடச் செழிப்பாகத் துளிர்த்து, வெள்ளைப் பூவும் பூத்து, விதையைக் காற்றில் பறக்க விடும். எரித்தவர் தன் கையால் அதற்கு உரம் போட்டவராகிறார். அதை ஒழிக்க வழி இரண்டுதான். மண்வெட்டியால் கொத்திக் கிழங்கைப் பொறுக்கி வெயிலில் காயப் போடுவது ஒன்று. நிழல் தரும் செடிகளை நட்டு மூடுவது மற்றொன்று. நிழலில் லாலாங் வாழாது. வெளிக்காட்டு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மருந்தடித்துக் கொல்லலாமே என்பார்கள். தோட்டத்து மருந்தை வீட்டுக்குக் கொண்டு வரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். பாராக்குவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்ட நஞ்சு. எத்தனை காலம் நம் பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள் என்பதை எண்ணினால் வயிறு எரிகிறது. இப்போதுள்ள மற்ற மருந்துகளும் பால்பவுடர் அல்ல. அதுவும் தவிர, மருந்தில் செத்த புல் அப்படியே நின்று காயும். பச்சைப் புல்லை விட அது மிக விரைவாகப் பற்றும். வீட்டோரத்தில் அப்படி மஞ்சளாகக் காய்ந்து நிற்கும் புல்லைக் கண்டால் அன்றே வெட்டி அள்ளிவிடுங்கள். மருந்து வந்த காலித் தோங்குகளில் குடிநீர் பிடித்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனை முறை கழுவினாலும் அது குடிநீருக்கு ஆகாது.

லயத்துக்குப் பின்னால்

நம் லயங்களின் அமைப்பையே எடுத்துக் கொள்ளுங்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள். பல பழைய லயங்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் தடுப்புச் சுவர் கூரை வரை ஏறுவதில்லை. உத்தரத்துக்கு மேலே முதல் வீடு தொட்டுக் கடைசி வீடு வரை ஒரே வெற்றிடம். ஒரு முனையில் தீப்பிடித்தால் அந்த வழியே புகையும் நெருப்பும் மறுமுனைக்கு ஓடிவிடும். பல ஆண்டு வெயிலில் காய்ந்த பலகை வேறு. ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் சருகு அந்த ஒருவருடைய சொந்த விவகாரம் அன்று என்பது இதனால்தான்.

பின்புறம்தான் மோசம். வாசலைப் பெருக்கிக் கோலமிடும் நம் பெண்கள் பின்கட்டைக் கவனிப்பதில்லை. ஆண்களோ எந்தக் கட்டையும் கவனிப்பதில்லை. சமையலறைச் சுவரோடு சாய்த்து விறகு, அதன் மேல் பழைய பாய், அதற்குப் பக்கத்தில் தென்னை மட்டை, மோட்டார் சைக்கிள் டயர், கேஸ் தோங்கு. போதாதென்று இடம் பற்றவில்லை என்று பலகையும் தகரமும் அடித்து நீட்டிய கொட்டகை, இரண்டு லயங்களுக்கு நடுவே இருந்த பாதையையும் அடைத்துவிடும். நெருப்பு வண்டி வந்தால் எந்த வழியாக நுழையும்?

விறகு வேண்டும் என்பவர்கள் அதைச் சுவரிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி, கல் மேல் அடுக்கி, மேலே ஒரு தகரத்தைப் போட்டு வையுங்கள். கரையானும் வராது. வீட்டைச் சுற்றி அந்தப் பத்தடிக்குள் புல் கணுக்கால் உயரத்துக்கு மேல் வளரக் கூடாது. சருகு தேங்கக் கூடாது. தோட்டத்து எல்லைக் காடோ செம்பனைக் காடோ லயத்தை ஒட்டி வந்தால், நடுவே ஒரு லோரி அகலத்துக்குச் சுத்தமாக வைப்பது நல்லது. இது தனி ஒருவரால் ஆகிற காரியமில்லை. கிராணியிடமோ மண்டோரிடமோ கேட்டு, தோட்டத்துப் புல்வெட்டும் கும்பலை ஒரு நாள் அனுப்பச் சொன்னால் முடிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். புல்லைக் குட்டையாக வெட்டுங்கள் என்றுதான் சொன்னேன், செதுக்கி மொட்டையாக்குங்கள் என்று சொல்லவில்லை. மண் பளபளவென்று தெரியும்படி சுரண்டி வைப்பதுதான் சுத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெள்ளைக்காரத் துரைமார்கள் பால்மரக் காடுகளில் ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கச் சொன்ன காலத்திலிருந்து வந்தது. நம் பாட்டன் பாட்டிகள் மண்வெட்டியும் கையுமாகச் செதுக்கினார்கள். மழை வந்து மேல்மண்ணை அடித்துக் கொண்டு ஆற்றில் சேர்த்தது. பிறகுதான் புத்தி வந்து, மரங்களுக்கிடையே மண்ணை மூடும் பயற்றினக் கொடிகளை நட்டார்கள். துரைமார்களே கைவிட்ட பழக்கத்தை நாம் வாசலில் கட்டிக் காக்கிறோம். சுரண்டிய வாசலில் ஒரு பெருமழைக்குப் பிறகு பாருங்கள், வீட்டுத் தூணின் அடிக்கல் வெளியே தெரியும், வாய்க்கால் மண்ணால் மூடியிருக்கும். கால்வாய் ஓரங்களில் தானாக வளரும் அகல இலைப் புல்லைக் கொண்டு வந்து நட்டு, மாதம் இரு முறை வெட்டி வந்தால் போதும். அது பச்சையாகவே இருக்கும், எளிதில் பற்றாது.

மெஷினால் புல் வெட்டுபவர்களுக்கு: வறட்சிக் காலத்தில் காலையிலேயே வெட்டிவிடுங்கள். நண்பகல் வெயிலில் இரும்புத் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறி காய்ந்த லாலாங்கைக் கொளுத்திவிடும். மெஷின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றுவதும் கூடாது.

குப்பையை என்ன செய்வது?

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். மாலையில் வேலை முடிந்து வந்து, கொல்லையைக் கூட்டி, குவித்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவது நம்மவர்களின் அன்றாடப் பழக்கம். இது சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1998-இல் சேர்த்த பிரிவின்படி திறந்த வெளியில் எரிப்பதற்குத் தடை இருக்கிறது. ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்க அப்போதே இடமிருந்தது. 2024-இல் வந்த திருத்தம் அந்தச் சட்டத்தின் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. சமயச் சடங்கு, சமையல் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. நம் கொல்லைச் சருகைப் பிடித்து ஐந்து லட்சம் கேட்பார்களா என்று சிரிக்காதீர்கள். கம்புட் மண் மேல் எரித்த ஒரு கூடைச் சருகு என்ன செய்யும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒரு நியாயத்தையும் பேச வேண்டும். தாமான்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை குப்பை லோரி வருகிறது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் பல தோட்டங்களுக்கு நகராண்மைக் கழக லோரி எட்டிப் பார்ப்பதில்லை. நிர்வாகமும் ஏதோ ஒரு மூலையில் குழி தோண்டிவிட்டு அத்துடன் மறந்துவிடுகிறது. குப்பையை எடுக்கவும் ஆளில்லை, எரிக்கவும் கூடாது என்றால் தொழிலாளி அதைத் தலையிலா சுமப்பான்? குப்பை அகற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதைச் சங்கத் தலைவர்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். சம்பளப் பேச்சுக்குக் காட்டும் சுறுசுறுப்பில் கால்பங்கை இதற்குக் காட்டினாலும் போதும்.

கேட்டுக் கிடைக்கும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். நம் கொல்லைக் குப்பையில் முக்கால்வாசி இலைதழைதானே! அதை உரமாக்கலாம். தமிழகத்திலிருந்து வரும் விவசாயப் புத்தகங்களில் குழி தோண்டச் சொல்லியிருப்பார்கள். அது அந்த ஊருக்குப் பொருந்தும். இங்கே குழி தோண்டினால் ஒரே மழையில் குளமாகி, நாற்றமெடுத்து, கொசுவும் மண்டும். ஆகவே மேட்டுப் பாங்கான இடத்தில் மண் மேலேயே குவிக்க வேண்டும். வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி நான்கு கம்பு நட்டு, மூன்றடிக்கு மூன்றடி பழைய வலையோ பலகையோ சுற்றிக் கட்டுங்கள். ஒரு சாண் காய்ந்த சருகு, அதன் மேல் நான்கு விரல் பச்சைத் தழையும் காய்கறித் தோலும், அதன் மேல் மாடு வைத்திருப்பவர் வீட்டிலிருந்து ஒரு வாளிச் சாணம். இப்படியே அடுக்கிக் கொண்டு போங்கள். மேலே ஒரு தகரம். பிழிந்த துணி போல ஈரம் இருக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனையக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிளறி விட்டால் மூன்று மாதத்தில் கறுப்பாக, மழைக்குப் பின் காட்டுக்குள் வரும் வாசனையோடு நல்ல உரம். மிஞ்சிய சோறு, மீன் முள், எலும்பு ஆகியவற்றைப் போடாதீர்கள். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

செம்பனைத் தோட்டங்களே இப்போது வெட்டிய மட்டையை எரிக்காமல் வரிசையாக அடுக்கி மக்க விடுகின்றன. மறுநடவின் போது பழைய மரங்களைக் கொளுத்தாமல் துண்டாக்கிப் பரப்பும் முறையும் 1980-களின் இறுதியிலிருந்து இங்கே பரவிவிட்டது. ஆயிரம் ஏக்கருக்கு முடிகிறது என்றால் நம் இருபதடிக் கொல்லைக்கு முடியாதா?

மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தி நேரத்தில் கொசுவை விரட்டத் தேங்காய் மட்டையும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவது நம் வழக்கம். வாயில்லா ஜீவனுக்காகச் செய்வதை நான் குறை கூற மாட்டேன். அதைத் தரையில் போடாமல், பழைய இரும்புத் தோங்கைப் பாதியாக வெட்டி, அடியில் மணல் பரப்பி, கல் மேல் தூக்கி வைத்துப் போடுங்கள். வைக்கோலிலிருந்து விலகியிருக்கட்டும். படுக்கப் போகுமுன் நீரூற்றிக் கிளறி, கையை மேலே பிடித்துச் சூடு இல்லை என்று பார்த்து விட்டுப் போங்கள்.

அதே கொல்லை, வேறு எதிரி

வறட்சியில் எரிகிற பொருளே மழைக் காலத்தில் கொசு வளர்க்கும் பொருள் என்பதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். டயர், தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் பை, கிழிந்த தார்ப்பாய், சருகு அடைத்த கூரைத் தண்ணீர்வாரி. வெயிலில் இவை விறகு. மழையில் இவை டிங்கிக் கொசுவின் பிரசவ அறை. ஆகையால் ஒரே வேலையில் இரண்டு எதிரிகளையும் விரட்டலாம்.

2019-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்நாட்டில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். வருகைப் பதிவேட்டில் ஒரே லயத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு வரிசையாகச் சிவப்பு மையில் குறியிடும்போது, கொசு எந்தப் பக்கம் முட்டையிட்டிருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. அதற்குத் தெளிந்த நீர் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் சுற்றி வந்து கவிழ்த்துக் கொட்டினால் அதன் வம்சம் அறுந்தது. நீர் பிடித்து வைக்கும் தோங்கை வெறுமனே கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதங்கள் சாகாமல் கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரியும். எனவே உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடி இல்லாத பெரிய தோங்குக்குச் சுகாதார இலாகா தரும் அபேட் மருந்து மணலைப் போடலாம். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கு. பால்மரம் வெட்டும் இடங்களில், வெட்டாத மரத்தின் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். லயத்தை ஒட்டிய நாலைந்து நிரையில் நிமிர்ந்து கிடக்கும் மங்குகள் போதும், ஒரு லயத்தையே படுக்க வைக்க. கொசுப்புழு இருக்கும் வீட்டுக்கு 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி வரை தண்டம் போடுவார்கள்.

தண்ணீர்வாரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அங்கே யாரும் பார்ப்பதில்லை. ரம்புத்தான் மரமும் மாமரமும் கூரைக்கு மேலே சாய்ந்து நின்றால் வாரி முழுதும் இலை. மழையில் நீர் தேங்கிப் புழு நெளியும். வறட்சியில் அதே இலை காய்ந்து, எங்கிருந்தோ பறந்து வரும் ஒரு நெருப்புப் பொறிக்காகக் காத்திருக்கும். அதற்கு நேர் கீழேதான் கூரைப் பலகை. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். விடியற்காலையில் மேற்குக் கடலிலிருந்து கிளம்பி வரும் சூறைக்காற்றில் கிளை முறிந்து தகரத்தைப் பிய்க்கும் ஆபத்தும் அதனால் நீங்கும். வாரி தேவையில்லாத இடத்தில் அதைக் கழற்றியே விடலாம்.

சரி, எதைத்தான் நடுவது? நீர்ச்சத்து மிகுந்தவற்றை வீட்டுப் பக்கம் நடுங்கள். வாழை, சேம்பு, பண்டான், மஞ்சள், இஞ்சி, கீரை வகைகள் எளிதில் பற்றுவதில்லை. ஆனால் வாழையில் தொங்கும் காய்ந்த சருகை அறுத்துவிட வேண்டும். கறிவேப்பிலையும் முருங்கையும் இல்லாத தமிழர் வீடு ஏது? இருக்கட்டும், கூரையைத் தொடாமல் வளர்த்தால் சரி. செராய் வேண்டுமென்றால் சுவரோடு நடாதீர்கள். அதன் அடித்தூரில் காய்ந்த தாள் கத்தை கத்தையாகச் சேரும். கரும்பும் அப்படியே. மூங்கில் புதர், சவுக்கு ஆகியவை வீட்டருகே வேண்டாம். தென்னை அழகுதான். காய்ந்த மட்டையைப் பாவாடை போலத் தொங்க விட்டால் அதுவே பந்தம். சேம்பு இலைக் கணுவிலும் வாழைத்தார் வெட்டிய தண்டிலும் நீர் தேங்குகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

"இது நம்ம வீடா, டீச்சரம்மா?"

இந்த யோசனைகளை லயத்தில் பேசியபோது, நாற்பதாண்டு பால் வெட்டிய ஒரு மூதாட்டி என்னைக் கேட்ட கேள்வி இது. "நான் நட்ட மாமரம் மூணு லயத்துல நிக்குது. ஒண்ணுலயும் பழம் தின்னதில்ல. வேலை நின்னதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவான். இன்னிக்குச் செடி, நாளைக்கு புல்டோசர். நான் எதுக்கம்மா இதையெல்லாம் பாக்கணும்?"

நியாயமான கேள்வி. தோட்டம் துண்டாடப்பட்டதையும், தாமானாக மாறியதையும், மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்கள் சாமான் சட்டியோடு லோரி ஏறியதையும் பார்த்த கண்கள் அவை. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற கோரிக்கை எத்தனையோ தேர்தல்களில் ஒலித்துவிட்டது. சில இடங்களில் நிறைவேறியது, பல இடங்களில் பேச்சோடு நின்றது. நிலம் தன்னுடையதில்லை என்று தெரிந்தவனிடம் நிலத்தை நேசி என்று உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை.

"பாட்டி, நிலம் அவனுடையது. உள்ளே தூங்குகிற பேரப்பிள்ளை யாருடையது?" என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் பேச்சு அவரைச் சமாதானப்படுத்தியதாக நான் எண்ணிக் கொள்ளவுமில்லை. வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. உளுத்த கூரைப் பலகை, தொங்கும் மின்கம்பி, அடைத்த வாய்க்கால் ஆகியவற்றைப் பட்டியல் போட்டு, தேதியிட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக் கொண்டு அலுவலகத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. கொல்லையைச் சுத்தமாக வைத்திருக்கும் லயத்துக்காரர் கேட்கும்போது, "முதலில் உன் குப்பையை எடு" என்று யாரும் வாயடைக்க முடியாது.

போகிக்கு முன்னே

நம் பண்டிகைகளில் நெருப்புக்கு அதிக இடம் கொடுப்பது போகிதான். அது வருவதோ ஜனவரி மத்தியில், வடக்கே வறட்சி தொடங்கும் நேரம். பழைய பாய், தலையணை, நாற்காலி, டயர் வரைக்கும் லயத்து நடுவில் போட்டுக் கொளுத்துகிறோம். டயர்ப் புகை நஞ்சு. பழையன கழிதல் என்றால் குழந்தைகளின் நுரையீரலைக் கழிப்பதா? சாத்திரத்துக்கு ஒரு கைப்பிடி வைக்கோலையும் ஒரு கிழிந்த பாயின் துண்டையும் எரித்தாலே போதும் என்பது என் கருத்து. பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். மற்றவற்றை ஒன்றாகச் சேர்த்து, போகிக்கு ஒரு வாரம் முன்பே ஒரு லோரி பேசி அனுப்பிவிடலாம். வீட்டுக்கு ஐந்து வெள்ளி போட்டால் கூலி சேர்ந்துவிடும்.

மறுநாள் வாசலில் பொங்கல் வைக்கும்போது, கம்புட் மண் உள்ளவர்கள் நேரே மண் மேல் கல் கூட்டாதீர்கள். ஒரு தகரம், அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்கு மணல், அதன் மேல் கல். பொங்கி முடிந்த பிறகு கொள்ளிக்கட்டைகளை நீர் வாளியில் முக்கி எடுத்துவிடுங்கள். கொல்லையில் வீச வேண்டாம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தீ பிடித்துவிட்டால்? 999-க்கு அழையுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, எந்தப் பிரிவு, மெயின் ரோட்டிலிருந்து எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், இரும்புக் கதவு பூட்டியிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் சந்திப்புக்கு ஓடிப் போய் நிற்கட்டும். செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்கும், வெளியூரிலிருந்து வரும் பொம்பா வண்டிக்கு வழி தெரியாது. அது வந்து சேரும் வரை எல்லாம் நம் கையில்தான். கிழவர்களையும் குழந்தைகளையும் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக வெளியேற்றுங்கள். மின்சார மெயினை அணைத்துவிடுங்கள். எண்ணெய் பற்றியிருந்தாலும் மின்கம்பி பற்றியிருந்தாலும் நீர் ஊற்றாதீர்கள். கேஸ் தோங்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் மூடி அகற்றுங்கள், நெருப்பு நெருங்கிவிட்டால் அதைத் தொடாமல் ஓடுங்கள். சாமான் எடுக்க மீண்டும் உள்ளே போகக் கூடாது. அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், தாலி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வாசல் கதவருகே மாட்டி வைப்பது வறட்சி மாதங்களில் நல்ல பழக்கம்.

லயத்துக்கு ஒரு ஏணி, மூடி போட்ட தோங்கில் நீர், நான்கு வாளி, இரண்டு மூட்டை மணல். இவற்றை நடு வீட்டு அஞ்சடியில் வைக்கலாம். ஏணியைப் பூட்டி வைக்காதீர்கள். தண்ணீர்வாரி துடைக்க மாதம் ஒரு முறை அது எப்படியும் வெளியே வரும். டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டால் பெரிய பையன்களிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக் கொண்டால் சரி.